கடைசி வரிசைக் குழாய்

ஸ்கெலட்டன் லைன், மாரிகுப்பம்
19-1-1969

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் தம்பி வேலுவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நாளுக்கு ஒரு ஊர்த் தண்ணீர் குடிக்கிறீர்கள், உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? சளி பிடித்தால் மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுக்க அங்கே யாராவது இருக்கிறார்களா?

பொங்கலுக்கு வருவீர்கள் என்று இரண்டு ரயில் பார்த்தேன். மூன்றாவது ரயிலுக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் டிக்கெட் வாங்குகிறவர் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் அந்தப் பாட்டுக் குழுவோடு போய் ஏழு மாதம் ஆகிறது. "மிக்ஸரில் உட்கார வைக்கட்டும், மறுமாதமே மெட்ராசில் ரூம் பிடித்து உன்னைக் கூட்டிப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். உட்கார வைத்தார்களா, இல்லை இன்னும் ஒயர் சுருட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்களா?

பக்கத்து வீட்டு ரத்தினம்மா அக்கா நேற்றும் கேட்டார். "உன் வூட்டுக்காரு இன்னா வேலதான் செய்றாரு?" மைக் செட் என்றேன். "கல்யாண வூட்ல ஹலோ ஹலோன்னு கத்திகினு இருப்பானே, அத்தயா?" என்றார். இரண்டு வருஷம் குடித்தனம் செய்த புருஷன் என்ன வேலை செய்கிறார் என்று எனக்கே தெரியவில்லை. ரத்தினம்மா அக்காவுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள், எனக்கும் புரியும்.

வேலுவுக்கு ஒன்றாம் தேதியிலிருந்து தங்கச் சுரங்கத்தில், அண்டர்கிரவுண்டில் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. கல் வண்டி தள்ளுகிறான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இடுப்பில் வைத்து நான் வளர்த்த பிள்ளை, இப்போது கேஜுக் கூண்டில் ஏறி எனக்குத் தெரியாத ஆழத்துக்குப் போய்விட்டு வருகிறான். வந்ததும் பசி என்கிறான். அது ஒன்றுதான் மாறவில்லை.

நமோ புத்தாய. பதில் போடவும்.
செல்வி


காரைக்குடி முகாம்
2-2-1969

அன்புள்ள செல்விக்கு ஆனந்தன் ஆசையோடு எழுதுவது. தண்ணீரும் ஒத்துக்கொள்கிறது, சாப்பாடும் ஒத்துக்கொள்கிறது. நீ இல்லாததுதான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலு முதல் சம்பளத்தில் உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தான்?

உட்கார வைத்துவிட்டார்கள். தை பிறந்த மறுநாள் வாசு அண்ணன் கூப்பிட்டு, "இனிமே நீ பாத்துக்கடா" என்று மிக்ஸருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டார். குழு அவருடையது, வார்த்தையும் அவருடையது. இனி ரூம்தான் பாக்கி. கோடைத் திருவிழாக்கள் முடியட்டும்.

ரத்தினம்மா அக்காவுக்கு இப்படிச் சொல். மேடையில் பதினான்கு பேர். பாடுகிறவர் இரண்டு பேர், மீதி வாத்தியம். மைக் ஆறுதான். மிக்ஸர் என்பது ஆறு குமிழ் வைத்த பெட்டி, ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய குமிழ் ஒன்று. தபேலாக்காரர் கை ஓங்கினால் குறைக்க வேண்டும். பாடகி இசபெல்லா அக்கா மூச்சு விடுவதுபோல் மெல்லப் பாடுவார், அந்த இடத்தில் அவரைத் தூக்க வேண்டும். ஆனால் தூக்கியது யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை கெட்டது என்று அர்த்தம். நீ குழம்பில் உப்புப் போடுகிற மாதிரிதான்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மைதானம் காலியாக இருக்கும்போது சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்பும். ஆறு மணிக்கு ஜனம் வந்து உட்கார்ந்ததும் அத்தனையையும் அவர்கள் உடம்பு குடித்துவிடும். ஆகவே காலி மைதானத்தில் நின்றுகொண்டே, நிறைந்த மைதானத்தில் எப்படிக் கேட்கும் என்று நான் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் குழாய்களைக் கம்பத்தில் கட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. கடைசி வரிசைக் குழாயை எல்லோரும் அலற விடுவார்கள். நான் குறைத்துத்தான் வைப்பேன். அப்போதுதான் பாட்டு கம்பத்திலிருந்து வராமல் பாடுகிறவர் வாயிலிருந்தே வருகிற மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு ஊரிலும் பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் கடைசி வரிசைக்கு நடந்து போய் நிற்பேன். அங்கே பெரும்பாலும் ஒரு கடலைக்காரி கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வேன். உனக்குக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். சிரிக்காதே. என் அளவுகோல் அதுதான்.

உன்
ஆனந்தன்


மாரிகுப்பம்
17-2-1969

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கண்டு வயிறு நிறைந்தது. இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமா? குறிப்பாக மூச்சு விடுவது போலப் பாடும் இசபெல்லா அக்கா சௌக்கியமா? அவரைத் தூக்குவதெல்லாம் குமிழோடு இருக்கட்டும்.

ரத்தினம்மா அக்காவிடம் சொன்னேன். "உப்பு போட்றதுக்கு ஒரு ஆளா, அதுக்கு மெட்ராசுக்குப் போவணுமா?" என்கிறார். ஆனால் அன்று சாயங்காலமே தன் ரேடியோவைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, தங்கம் பிரித்த மணலைக் கொட்டி வைத்த சயனைட் மேட்டுப் பக்கம் நடந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அதன் அடியில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பயத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. "ஊருக்குக் கேட்காது, இந்தப் பொடி மணல் சத்தத்தைத் தின்றுவிடும், திருப்பிக் கொடுக்காது" என்றீர்கள். உண்மைதான். நான் உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். புருஷன் பெயரைச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு ஏர்பிளாஸ்ட் வந்தது. கீழே எங்கோ பாறை வெடித்து வீட்டில் பாத்திரமெல்லாம் விழுந்தது. நம் ஊர் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. மண் ஆடினால் முதலில் சத்தத்தை நிறுத்து, அப்புறம்தான் மூச்சு விடு. ஒரே நிமிஷத்தில் லைன் வீடுகள் முழுக்க ரேடியோ நின்றது. ரத்தினம்மா அக்கா அம்மிக் குழவியைப் பிடித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். சுரங்கத்து அபாயச் சங்கு ஊதுகிறதா, ஊதினால் எந்த ஷாஃப்டுக் குழியில் என்று கேட்டால்தானே எந்த வீட்டுக்காரி ஓட வேண்டும் என்று தெரியும்? சங்கு ஊதியது. வேலு வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். வேறு விசேஷம் இல்லை.

நீங்கள் நன்றாகத் தூங்குங்கள். கோடை முடிய எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கும்
செல்வி


திருநெல்வேலி
24-3-1969

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். நீயும் வேலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள்.

பரமக்குடி, சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் போய்விட்டு வந்தோம். வெயில் கடுமை. லாரி இரண்டு தடவை பஞ்சர். ஒயர் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கினால் முதுகு வலிக்கிறது, மற்றபடி குறை இல்லை. இந்த ஊரில் தாமிரபரணியில் குளித்தேன், தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடுகிறது. நீ பார்த்தால் துணி மூட்டையோடு வந்துவிடுவாய்.

ரூம் விஷயம் கொஞ்சம் தள்ளிப் போகும் போல் இருக்கிறது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. வேலுவை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்.

ஆனந்தன்


மாரிகுப்பம்
30-3-1969

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தில்தான் சந்தேகம் வந்துவிட்டது. முந்தின கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதில் குமிழ் இருந்தது, தபேலா இருந்தது, கடலைக்காரி இருந்தாள். இதில் லாரி, பஞ்சர், முதுகு வலி, ஆறு. பாட்டு எங்கே போயிற்று? மிக்ஸரில் உட்காருகிறவர் ஏன் ஒயர் கட்டின் மேல் படுக்க வேண்டும்? "உன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள், அதையும் காணோம்.

போகட்டும், நல்ல சேதி ஒன்று சொல்கிறேன், மனம் தெளியும். மே இரண்டாம் தேதி புத்த பூர்ணிமாவுக்கு நம் விகார் இளைஞர் சங்கத்தில் கச்சேரி வைக்கிறார்கள். யார் குழு என்று நினைக்கிறீர்கள்? உங்கள் குழுதான்! வேலுதான் பிடிவாதம் பிடித்தான். வாசு அண்ணனுக்கு எழுதிப் போட்டு, அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு, விகார் பின்னால் இருக்கிற மைதானத்தில். ஷிப்டு முடித்து வருகிறவர்களும் கேட்கலாம்.

லைன் முழுக்க இதே பேச்சு. "நம்ம ஆனந்தன்தான் மிக்ஸராம்" என்று ரத்தினம்மா அக்கா, தானே உங்களுக்கு வேலை கற்றுக் கொடுத்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார். முன்னால் நாற்காலி போடுகிறோம் என்று வேலு சொன்னான். வேண்டாம் என்றேன். கடைசி வரிசையில்தான் உட்காருவேன். இந்தத் தடவை நிஜமாகவே உட்கார்ந்திருப்பேன், நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நமோ புத்தாய.
செல்வி


தூத்துக்குடி
8-4-1969

அன்புள்ள செல்விக்கு,

நலம். நலமறிய அவா.

கச்சேரி விஷயம் படித்தேன். வேலு அவசரப்பட்டுவிட்டான். அந்த மைதானம் எங்கள் செட்டுக்கு ஆகாது. பக்கத்திலேயே சயனைட் மேடு. அவ்வளவு பெரிய மேட்டில் பட்டுச் சத்தம் திரும்பி வரும், ஒரு சொல் இரண்டு சொல்லாகக் கேட்கும், பேர் கெடும். கரண்டும் அங்கே நிலையாக இருக்காது. பெங்களூரில் நல்ல குழுக்கள் இருக்கின்றன, அவர்களைக் கூப்பிடச் சொல். நான் அந்தச் சமயம் லீவு போட்டு மெட்ராசில் ரூம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வேலுவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

ஆனந்தன்


மாரிகுப்பம்
12-4-1969

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, நலமாக இருங்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று யார் சொன்னார்கள்? அந்த மேடு சத்தத்தைத் தின்றுவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அடியில் நின்று என் பெயரைக் கத்தினீர்கள். அது திரும்பி வரவில்லை.

என்ன நடந்தது? குடியா? வேறு பெண்ணா? உடம்பில் ஏதாவதா? எதுவானாலும் எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் ரயில் ஏறி வந்து வாசு அண்ணனிடமே கேட்பேன்.

செல்வி


மதுரை
19-4-1969

என் செல்விக்கு,

குடி இல்லை, பெண் இல்லை, உடம்பும் சரியாக இருக்கிறது. நீ கேட்டபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாருக்கும் காட்டாதே.

மாசிக் கடைசியில் சிவகங்கைப் பக்கம் ஒரு அம்மன் கோயில் கச்சேரி. நான்காயிரம் பேர் இருப்பார்கள். இசபெல்லா அக்கா அவருக்கே பேர் வாங்கித் தந்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். மெல்ல இறங்குகிற இடம், நான் குமிழைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டுப் போட்டார்கள். காலுக்குக் கீழே மண் ஆடியது.

என் கை பெரிய குமிழை இழுத்து மூடிவிட்டது.

நானாகச் செய்யவில்லை செல்வி, கை செய்தது. மைதானம் முழுக்கச் சத்தம் செத்துப் போயிற்று. அக்காவின் வாய் மட்டும் அசைகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைச் சாய்த்து, சங்கு ஊதுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த ஷாஃப்டு? வேலு எந்த ஷிப்டு? அதைத்தான் யோசித்தேன். இருபது எண்ணும் வரைக்கும் அப்படியே இருந்திருக்கிறேன். ஜனம் கூச்சல் போட்டு, வாசு அண்ணன் மேடையிலிருந்து குதித்து வந்து என் தோளை உலுக்கின பிறகுதான் இது மாரிகுப்பம் இல்லை என்று உறைத்தது.

அக்கா மேடையிலேயே அழுதுவிட்டார். "வேணும்னே செஞ்சியாடா?" என்று வாசு அண்ணன் கேட்டார். நான் என்ன சொல்வேன்? சங்கு என்றால் அவருக்குக் கோயில் சங்குதான் தெரியும். மறுநாளே மெட்ராசிலிருந்து ஏகநாதன் என்று ஒருவரை வரவழைத்து மிக்ஸரில் உட்கார வைத்துவிட்டார். நல்ல மனிதர், வேலையும் தெரிந்தவர். நான் கம்பம் ஏறிக் குழாய் கட்டுகிறேன், ஒயர் சுருட்டுகிறேன். பத்து மாதத்துக்கு முன்னால் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

நம் ஜனம் அத்தனை பேரும் பார்க்க, நான் கம்பத்தில் தொங்க வேண்டுமா? ரத்தினம்மா அக்காவுக்கு நீ என்ன பதில் சொல்வாய்? உனக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். அதனால்தான் பொய் சொன்னேன்.

உன்
ஆனந்தன்


மாரிகுப்பம்
24-4-1969

என் மாமாவுக்கு,

இந்தக் கடிதம் எட்டும்போது நீங்கள் வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று புத்தரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

யாருக்கும் காட்டாதே என்றீர்கள். வேலுவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன், அடித்தால் அடியுங்கள். அவன் சிரிப்பான் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. "நம்ம ஊர்ல யாராருந்தாலும் அத்ததான்கா செஞ்சிருப்பாங்க. மண்ணு ஆடச்சொல்ல பாட்டு கேட்டுகினு இருந்தாத்தான் வெக்கம்" என்றான். எனக்கும் அதுவேதான் தோன்றியது. உங்கள் கை நம் ஊர்க் கை. அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட மாட்டேன்.

நீங்கள் ஒன்றை மறைத்தீர்கள். நான் இரண்டு மறைத்தேன். பிப்ரவரி ஏர்பிளாஸ்டில் சங்கு ஊதியது, வேலு வந்து சாப்பிட்டான் என்று எழுதினேன் அல்லவா? சங்கு ஊதியதற்கும் அவன் சாப்பிட்டதற்கும் நடுவே பதினோரு மணி நேரம். அவன் இருந்த லெவலில்தான் பாறை விழுந்தது. நான் ஷாஃப்டு கேட்டில் நின்றுகொண்டே இருந்தேன், ரத்தினம்மா அக்கா என் முந்தானையைப் பிடித்தபடி நின்றார். கேஜில் வந்தவர்களில் அவன் ஆறாவது ஆள். அன்றிலிருந்து வலது காதில் இரைச்சல், அந்தப் பக்கம் கூப்பிட்டால் திரும்புவதில்லை. உங்கள் கை நடுங்கக் கூடாதே என்று எழுதவில்லை. எழுதாமலேயே உங்கள் கைக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது. ரூம் தள்ளிப் போகிறது என்று நீங்கள் எழுதினபோது அழுதேன். கூடவே நிம்மதியாகவும் இருந்தது. வேலு கீழே இருக்கிற வரை நான் எப்படி மெட்ராசுக்கு வருவேன்? சங்கு ஊதினால் கேட்டில் போய் நிற்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ரயிலுக்கு ரயில் உங்கள்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் கால் கட்டு என்னிடம்தான் இருந்தது. உங்களோடு இருக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்குகிறது மாமா. இவனை விட்டு வரவும் முடியவில்லை.

கட்டாயம் வாருங்கள். கம்பம் ஏறிக் குழாய் கட்டுங்கள். கடைசி வரிசைக் குழாயை நீங்கள் கட்டினதாகவே இருக்கட்டும். அதன் அடியில் உட்காருகிறேன்.

உங்கள்
செல்வி


சேலம்
4-5-1969

என் செல்விக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். அன்று மத்தியானம் நீ போட்ட கறிச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதற்கு மேல் உன்னோடு பேச எங்கே நேரம் கிடைத்தது? வீட்டில் லைனே உட்கார்ந்திருந்தது. கச்சேரி முடிந்ததும் மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள், மறுநாள் இங்கே நிகழ்ச்சி.

மனதில் இருப்பதைச் சொல்லட்டுமா? கம்பத்தை விட்டு இறங்கி உன் பக்கத்தில் உட்கார்ந்தேனே, அந்த அரை மணி நேரம்தான் இந்த வருஷத்தில் நான் வாழ்ந்தது. மிக்ஸரில் இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது. ஒரு முழுப் பாட்டைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பிறகு மண் ஆடியது. உன் கையை உதறிவிட்டு ஓடினேன். கோபித்துக்கொண்டாயோ என்னவோ. நீ இருந்த இடத்திலிருந்து மிக்ஸர் தெரிந்திருக்காது, அங்கே நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாயிரம் பேர் எழுந்து "நிறுத்து, நிறுத்து" என்று கத்துகிறார்கள் அல்லவா? பாவம் ஏகநாதன், பாட்டு கேட்கவில்லை என்றுதான் கத்துகிறார்கள் என நினைத்து, பெரிய குமிழை இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தார்! நான் போய் அவர் கையோடு சேர்த்துக் கீழே இழுத்தேன். வாத்தியக்காரர்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தேன்.

அப்புறம் நம் ஊர் அமைதி. ஆம்ப்ளிஃபயரின் வால்வு இரைவதுகூடக் கேட்டது. வாசு அண்ணன் என்னைப் பார்க்கிறார், ஜனத்தைப் பார்க்கிறார். இரண்டாயிரம் பேரும் தலையை ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சங்கு ஊதவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் கையை அசைத்து, "ஊதல. எங்கியோ கல்லு உக்காந்துகிச்சி, அவ்ளோதான். நீ பாடும்மா" என்றார். இசபெல்லா அக்கா மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தானா தம்பி அன்னிக்கு?" என்றார் மெதுவாக. ஆமாம் என்று தலையாட்டினேன். ஏகநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அதற்குப் பின் வந்த பாட்டெல்லாம் நான் போட்டது. வாசு அண்ணன் வண்டியில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நாற்காலி உன்னுதுதான்டா." இனி ஏகநாதன் அவருடைய இன்னொரு குழுவுக்குப் போகிறார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். கடைசி வரிசையில் உனக்கு எப்படிக் கேட்டது? மறைக்காமல் எழுது.

உன்
ஆனந்தன்


கும்பகோணம்
28-7-1969

என் செல்விக்கு,

நீ சுகமா? வேலுவின் காது எப்படி இருக்கிறது? மே மாதம் எழுதினதற்குப் பதில் இல்லை. ஜூனில் ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. சங்கத்துக்குத் தந்தி கொடுக்கலாமா என்று நினைத்தேன். கெட்ட சேதி என்றால் அதுவே தேடி வந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நேற்று ஆடித் திருவிழாக் கச்சேரி. மறுபடியும் அதே பாட்டு, அதே இறங்குகிற இடம். மறுபடியும் அதிர்வேட்டு. கை பெரிய குமிழுக்குப் போனது. போய், அதன்மேல் நின்றது. இழுக்கவில்லை. பாட்டு ஒரு இழை அறாமல் போயிற்று. வாசு அண்ணன் தூரத்திலிருந்து கும்பிட்டார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே நிஜமாகவே மண் ஆடியிருந்தால்? வேலு கீழே இருந்திருந்தால்? நான் பாட்டு நடத்திக்கொண்டிருந்திருப்பேன். என் கை வேலையைக் கற்றுக்கொண்டதா, ஊரை மறந்துவிட்டதா? இனி நான் உங்கள் ஆள்தானா செல்வி? உன்னையும் இப்படித்தான் ஒருநாள் என் கை மறக்குமா என்று பயமாக இருக்கிறது. ஆடி முடிகிற வரைக்கும் முகாம் இங்கேதான், இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்
ஆனந்தன்


மாரிகுப்பம்
3-8-1969

என் மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், உங்களைத் தவிக்க விட்ட பாவத்தோடு. நாலு கடிதம் எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன். ஐந்தாவது இது.

கடைசி வரிசையில் எப்படிக் கேட்டது என்று கேட்டீர்கள். நீங்கள் மிக்ஸரில் உட்கார்ந்த பிறகு அந்தக் குழாயின் சத்தம் கொஞ்சம் தணிந்தது. இசபெல்லா அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பாடுகிற மாதிரி இருந்தது. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இவ்வளவு தூரத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஊர் ஊராக இதைச் செய்திருக்கிறாரே என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது. அதைவிடப் பொறாமை வந்தது. இசபெல்லா அக்காமேல் இல்லை. எனக்காகப் போட்டதை இத்தனை நாளாக ஊருக்கு ஒரு கடலைக்காரி உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்! அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் காகிதத்தை எரித்தேன். எழுதினால் அடுத்த வரி "என்னைக் கூட்டிப்போங்கள்" என்றுதான் வரும். வேலுவை வைத்துக்கொண்டு அந்த வரியை எழுத முடியவில்லை.

இப்போது எழுதலாம். போன வாரம் ஆஸ்பத்திரியில் வேலுவின் காதைப் பார்த்துவிட்டு, இனி கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மேலேயே லாம்ப் ரூமில், இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. உங்கள் கடிதம் வந்த அன்று அவனே படித்தான். படித்துவிட்டு, "நீ மாமாகிட்ட போக்கா" என்றான். சங்கு ஊதினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "சங்கு கேக்க ஒரு காது போதும்கா" என்றான். பிறகு திரும்பி நின்று சட்டை மாட்டிக்கொண்டான், நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ரத்தினம்மா அக்கா அவனுக்குச் சோறு போடுகிறாராம். மாதம் ஒருமுறை வந்து உப்புச் சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டுமாம்.

உங்கள் கை ஊரை மறக்கவில்லை மாமா. மறந்த கை குமிழ்வரை போயிருக்காது. போய் நின்றது, அதுதான் சரி. பாட்டு நடக்கிற இடத்தில் பாட்டு நடக்கட்டும். அதிர்வேட்டுப் போட்டால் கையை எடுக்காதீர்கள், தலையைச் சாய்க்காதீர்கள். சங்குக்குக் காது கொடுப்பதை உங்களுக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை காலை வண்டியில் மாரிகுப்பத்தில் ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை கும்பகோணம் ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள், இந்தத் தடவை ரயில் பார்க்க வேண்டியது நீங்கள். ரூம் கிடைக்கிறபோது கிடைக்கட்டும், ஒயர் கட்டு இரண்டு பேருக்குத் தாங்கும் அல்லவா?

கடலைக்காரியிடம் சொல்லி வையுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காரட்டும்.

நமோ புத்தாய.
செல்வி